தேன் கேக்கில் வெண்ணெய்

ரோஷெலுக்கு அறுபத்திரண்டு வயது. கிளீவ்லாந்தில் அவள் சமையலறையில் இறைச்சிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு ஒரு செட். யூத நெறிப்படி இரண்டும் கலக்கக் கூடாது; கறி தின்ற வேளையில் பாலோ வெண்ணெயோ தொடக் கூடாது. ஒருமுறை கத்தியை மாற்றி எடுத்த மருமகள் டோவாவை அத்தனை பேர் முன்னாலும் வறுத்தெடுத்தாள். வாய்க்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் கைக்குக் கிடையாது என்பது அவளுக்கே தெரியும். போன யூதப் புத்தாண்டுக்கு அவள் செய்த தேன் கேக்கை, ராச்செஸ்டரில் தோழி ஃபிலிஸ் வீட்டு விருந்தாளிகள் டீயில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

"அடுத்த வருஷம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இந்த வருடம் எண்ணெய் ஊற்றிச் செய்த மூன்று கேக்கும் செங்கல். நாலாவது பஞ்சு.

மகனும் டோவாவும் வேறு காரில் முன்னாலேயே ராச்செஸ்டருக்குப் போய்விட்டார்கள். ரோஷெலின் கணவர் இர்வினோ வழிநெடுக வண்டியை நிறுத்தினார். கலங்கரை விளக்கம் இரண்டு, திராட்சைத் தோட்டம் ஒன்று, கடைசியில் நயாகரா.

"அருவி எங்கயும் ஓடிப் போகாது இர்வின்! பொழுது சாஞ்சா பண்டிகை தொடங்கிடும், அதுக்குள்ள போய்ச் சேரணும்."

"ரெண்டே நிமிஷம்மா."

கேக்கைக் காரில் விட மனமில்லை. அருவிச் சாரலில் கேக் டப்பாவுக்கு மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு, ரோஷெல் தொப்பலாக நனைந்தாள். எடுத்த போட்டோவில் எல்லாம் டப்பாதான் நடுவில்.

காருக்குத் திரும்பியதும் இர்வின் மூடியைத் திறந்து முகர்ந்தார். "அடேயப்பா! அப்படி என்ன போட்ட?"

"வெண்ணெய்..." என்று பெருமையாகச் சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஃபிலிஸ் வீட்ல இன்னிக்கு மாட்டுக்கறி விருந்தாச்சே?"

"தெரியும். ஓட்டு."

டப்பாவைக் காரிலேயே விட்டுவிட்டு, மறந்துவிட்டதாகச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டாள். நல்ல மனுஷன் இர்வின், அவள் கேட்காமலேயே அதைச் சுமந்து கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்றார்கள். கறியும் காலியானது. ஃபிலிஸ் எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்தாள். "எல்லாரும் பல்லத் தீட்டிக்கோங்க!" அவள் கணவர் சீமோர், கறி வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டு கேக் பக்கம் குனிந்தார். எதிரே டோவா. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் இத்தனை பேர் நெறியும் போகும்.

"கத்தியக் கீழ போடு சீமோர்! அதுல வெண்ணெய் இருக்கு!"

சீமோர் கத்தியோடு நிமிர்ந்தார்.

"அடிப்பாவி!" என்றாள் ஃபிலிஸ். "ஊருக்கே சட்டம் பேசுற நீயா?"

"நானேதான். கேக்கு மெத்துனு வந்த சந்தோஷத்துல மூளை வேலை செய்யல. அது நிறைய நாள் வேலை செய்யறதில்ல, வாய்தான் சமாளிச்சுட்டு இருந்துச்சு."

டோவாதான் முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு மேசையே சிரித்தது. ரோஷெல் தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்கினாள்.

மறுநாள் காலை, ஃபிலிஸ் வீட்டிலேயே, ஜெபக்கூடத்துக்குக் கிளம்பும் முன் பால் காபியோடு கேக்கை எடுத்தார்கள், பால் கத்தியால் வெட்டி. யாரும் காபியில் முக்கவில்லை. டோவா இரண்டு துண்டு தின்றாள். மூன்றாவதுக்குக் கை நீட்டினாள்.

"மெதுவாத் தின்னும்மா" என்று சொல்லி, அவள் கோப்பையில் ரோஷெல் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள்.