உட்கார்ந்த சோலி

எங்கள் அக்கா அன்னக்கொடியின் உதடு பிறந்ததிலிருந்தே நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருக்கும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில், அடைமழைக் குளிரில் எல்லாருக்கும் உதடு நீலம்தான். அதனால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சரிவில் காய் எடுக்கும்போது அடிக்கடி குத்தவைத்து மூச்சு வாங்குவாள். "மகாராணி உக்காந்துட்டாக" என்பான் கங்காணி. அந்த வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் மயங்கி விழுந்தாள். அவள் புருஷன் சுருளிவேல் மச்சானும் நானும் ஜீப்பில் போடிக்கும், அங்கிருந்து ரயிலில் மதுரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். இதயத்துக்குள் ஒரு வால்வு பிறவியிலேயே இடம் தவறி அமைந்து, சரியாக மூடாமல் ரத்தத்தைத் திருப்பி விடுகிறதாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவதாம். அது எங்கள் வீட்டைத் தேடித்தானா வர வேண்டும்! தை மாதம் சென்னையில் ஆபரேஷன் என்று முடிவானது.

"அதுவரைக்கும் மேடு ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. உக்காந்து செய்யற வேலைதான்" என்றார் டாக்டர்.

மச்சானுக்கு அது வேதவாக்கு. வேலை செய்யாதவர்களுக்குத் தோட்டத்து லயத்து வீடுகளில் இடமில்லை. மலையில் உட்கார்ந்த வேலை ஒன்றுதான்: ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவது. மச்சான் கங்காணி காலில் விழுந்து அதை வாங்கிக் கொடுத்தார். காயின் பச்சை மாறாமலிருக்கக் கதவைச் சாத்திச் சூடேற்றும் இடம் அது.

"குளிருக்கு எதமா இருக்குடா" என்றாள் அக்கா. நெருப்பு வெளிச்சத்தில் அவள் உதடு சிவப்பாகத் தெரிந்தது.

"பாத்தியா மாப்ளே, நீலமே இல்ல. தேறிட்டா!" என்று மச்சான் சிரித்தார்.

ஐப்பசியில் மழை வலுத்தது. ஈர விறகு புகைந்தது. ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோன மச்சான் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. விறகைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்திருந்தாள். மச்சான் போட்ட சத்தத்தில் நானும் ஓடினேன்; வெளியே தூக்கி வந்து பகல் வெளிச்சத்தில் கிடத்தினோம். உதடு, நகம், காது எல்லாம் கருநீலம். உயிர் எப்போதோ போயிருந்தது.

தை பிறந்ததும் மச்சான், அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க மதுரைக்குப் போயே தீருவேன் என்றார். துணைக்குப் போனேன்.

அக்கா செத்த விவரத்தைக் கேட்டுவிட்டு, "என்ன வேலை பாத்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க சொன்னபடி உக்காந்த சோலிதான்யா. ஸ்டோர்ல, அடுப்புக்கு முன்னால, கதகதன்னு" என்றார் மச்சான்.

டாக்டரின் முகம் மாறியது. கதவு சாத்திய அந்த அறையின் சூடும் புகையும்தான் அக்காவின் மூச்சை அடைத்துக் கொன்றன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரியாத்தானேய்யா செஞ்சேன்?" என்று கேட்டார் மச்சான்.

"சரியாத்தான் செஞ்சீங்க" என்றார் டாக்டர்.

பொய்தான். அந்தப் பொய்க்காக அந்த மனிதரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.