கண்ணைக் கட்டி நடந்த கட்டுரை

எங்கள் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே படம் கழுவும் இருட்டறை வாசலில் கனமான கறுப்புத் துணி ஒன்று தொங்குகிறது. இன்று காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அதை விலக்கிக்கொண்டு முதன்முறையாகத் தனியே உள்ளே போனாள். நான் எழுதிக் கொடுத்த குறிப்பை மனப்பாடம் செய்திருந்தாள். உள்ளே எல்லாமே கை தடவித்தான். தவறான மருந்துத் தொட்டியில் ஃபிலிமை முக்கிவிட்டால், வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டிருக்கும் மனிதரை மறுபடி நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். நான் துணிக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்க எனக்குக் கற்றுத் தந்ததும் ஒரு கறுப்புத் துணிதான்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. சாந்தோம் பக்கத்தில், கடல் இரைச்சல் வகுப்புக்குள்ளேயே கேட்கும் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். குண்டு விழும் என்ற பயத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்தார்கள். மைதானத்தின் குறுக்கே பதுங்குகுழி வெட்டினார்கள். தைத்து மிஞ்சிய துணியில் ஒரு கீற்றைத் தமிழ் டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டார். பசு, மழையின் பயன், என் பள்ளி என்று வருஷா வருஷம் ஒரே கட்டுரையை ஒரே வாக்கியங்களில் எழுதி வந்தோம். அவர் அதை அடியோடு நிறுத்தினார். பள்ளிக்குள் ஏதாவது ஓர் இடத்துக்கு வழி எழுத வேண்டும். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி வரி வரியாக வாசிக்க, மூன்றாமவள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பாள். அடிகளை எண்ணி எழுதக் கூடாது, ஆளுக்கு ஆள் அடி மாறும். கண்ணுக்குத் தெரிவதை எழுதக் கூடாது. எழுதினவள் வாய் திறக்கவே கூடாது. "நீ எழுதினது, நீ இல்லாத இடத்துல வேலை செய்யணும்" என்பார். நடந்தவள் சுவரில் முட்டிக்கொண்டால் திட்டு எழுதினவளுக்குத்தான். எங்கள் காதும் மூக்கும் உள்ளங்காலும் வார்த்தை தேடத் தொடங்கின.

டீச்சர் தற்காலிக வேலையில் இருந்தார். மந்தைவெளியில் வாடகை வீடு, பெற்றோர் இல்லாத இரண்டு தம்பிகள், அவருடைய சம்பளம் ஒன்றே வருமானம். பள்ளிகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் 'திருப்தி' என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். இது வகுப்பு முழுக்கத் தெரியும். அதனால் இன்ஸ்பெக்டர் வந்த அன்று எங்களில் ஒருத்திகூட அசையவில்லை.

கோட்டு, பஞ்சகச்சம், தலைப்பாகை, பளபளக்கும் பூட்ஸ். "கட்டுரை நோட்டு எங்கேம்மா?" என்று கேட்டார். நோட்டு இல்லை, இருந்தது ஒரு கட்டுத் தாள்தான். புரட்டிப் பார்த்தார். "சுவரைத் தடவு, படி இறங்கு... என்ன இது? பொண்கள் வெளையாடிண்டிருக்கா, நீங்க பாத்துண்டிருக்கேளா?"

டீச்சர் ஓர் எட்டு முன்னால் வந்தார். "நடந்து பார்த்தாத்தான் சார் தெரியும்."

"யார் நடக்கணும்?"

டீச்சர் கறுப்புத் துணிக் கீற்றை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி, கட்டுங்கோ" என்று அந்தத் தாள்களிலிருந்து ஒன்றை உருவினார். அது என்னுடையது. வகுப்பிலிருந்து தண்ணீர்ப் பீப்பாய்க்கு வழி. வாசிக்க வந்தவள் என் சிநேகிதி, நொச்சிக்குப்பத்துக்கு அடுத்த தெருக்காரி.

சுவர் சரியாக முடிந்தது. படி சரியாக வந்தது. "சுடுமணலில் நேரே போ. மணல் குளிர்ந்ததும் நின்று இடது பக்கம் திரும்பு" என்று அவள் வாசித்தாள். அவர் நேரே போனார். புளியமரத்து நிழல் அவர் கோட்டின்மேல் ஏறியது. அவர் நிற்கவில்லை. நேர் எதிரே பதுங்குகுழி.

சிநேகிதி என் காதருகே சீறினாள். "இன்னாடி இது, மனுசன் போய்க்கினே கீறாரு! பள்ளம்டி!"

அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் யாருக்கும் செருப்புகூடக் கிடையாது. டீச்சரைப் பார்த்தேன். அவர் கூப்பிட்டால், தன் பாடம் தோற்றதென்று தன் வாயாலேயே சொன்னதாகும். குழியோரத்து மண் பூட்ஸின்கீழ் சரிந்தது.

"நில்லுங்க சார்!" டீச்சர்தான் கத்தினார்.

இன்ஸ்பெக்டர் கண்கட்டை அவிழ்த்தார். காலடியில் குழியைப் பார்த்தார். "என்னை நிறுத்தினது கட்டுரை இல்லே, நீங்க. பரீட்சைப் பேப்பரோட நீங்களும் கூடவே போவேளா?"

டீச்சர் தலை குனிந்தார். எழுதினவள் பேசக் கூடாது என்ற விதியை மீறி நான் பேசினேன். "மணல் குளிர்ந்துதான் இருக்கு சார். உங்க காலுக்குத் தெரியல. பூட்ஸ் போட்டவங்க நடப்பாங்கன்னு நான் நினைக்கல."

பின்னால் சிநேகிதிக்குச் சிரிப்பு பீறிட்டு, அது இருமலானது. இன்ஸ்பெக்டர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு புளியமர வேரில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். காலுறைகளைச் சுருட்டிப் பூட்ஸுக்குள் திணித்தார். மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு, "முதல்லேர்ந்து வாசி" என்றார்.

இம்முறை வெறுங்கால் சுடுமணலில் பட்டதும், "அப்பப்பா!" என்று துள்ளினார். "எழுதியிருக்கு சார், சுடும்னு!" என்றாள் சிநேகிதி. நிழலுக்கு வந்ததும் கால் தானாக நின்றது. இடது பக்கம் திரும்பினார். நீட்டிய கை ஈரப் பீப்பாயில் பட்டது. கண்கட்டை அவிழ்க்காமல், அந்த ஈரத்தின்மேல் கையை வைத்தபடி சற்று நேரம் அப்படியே நின்றார்.

டீச்சரின் வேலை நிலைத்தது. ஆனால் வாரம் ஒரு கட்டுரை நோட்டில் இருக்க வேண்டும் என்றும் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் சுரத்தே இல்லாமல் மழையின் பயன் எழுதவைத்தார். என் தாளை மட்டும் இன்ஸ்பெக்டர் போன மறுநாளே திருப்பித் தந்தார். "பூட்ஸ் காலும் போய்ச் சேர்ற மாதிரி எழுதிக்கிட்டு வா." பாராட்டு ஒரு சொல்கூட இல்லை.

இன்று துணிக்கு அப்பால் ஒரு மூடியைத் தொடும் சத்தம் கேட்டு, சட்டென நின்றது. என் கை துணியின் ஓரத்தைப் பிடித்துவிட்டது.

"அக்கா," என்றாள் உள்ளிருந்து. "ஃபிலிமை ஒரு கையில பிடி, காலியா இருக்கிற கைப் பக்கம் முதல் தொட்டின்னு எழுதியிருக்கீங்க. நான் இடது கைக்காரிக்கா. எல்லாம் எனக்குத் திரும்பிப்போச்சு."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள், சரியான பக்கத்திலிருந்து மூடி திறக்கும் சத்தம் வந்தது. துணியை விட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.