அம்புக்குறிக்கு அனுமதி இல்லை

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. நீங்களே சொல்லுங்கள்... நியாயமா இது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. தொழிற்சாலை மெஷின்களின் ரீடிங்கை அலச, நாங்களே ஒரு குட்டி புரோகிராமிங் மொழி வைத்திருக்கிறோம். ஃபங்ஷனல் வகை — எல்லாமே ஃபங்ஷன்தான்; ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளை, ஒன்றின் விடை அடுத்ததற்குத் தீனி. உருவாக்கியவர் எங்கள் சீஃப்.

அதில் ஒரு தொல்லை. ரீடிங்கில் தப்பானதை நீக்கி, வரிசைப்படுத்தி, முதலாவதை எடுக்க வேண்டும். எப்படி எழுதுவோம்? 'முதலாவதை எடு (வரிசைப்படுத்து (தப்பை நீக்கு (ரீடிங்)))'. கடைசி வேலை முதலில்! பிராக்கெட்டைத் தேடியே கண் பூத்துவிடும்.

என் டீமில் ஷமீமா, பூந்தமல்லிப் பெண். ஒரு பிராக்கெட் இடம் மாறியதால் நாள் முழுக்கத் தவித்தவள். அவள் ஒரு புது முறை சொன்னாள். முதலில் ரீடிங்கை எழுது. ஓர் அம்புக்குறி. தப்பை நீக்கு. இன்னோர் அம்பு. வரிசைப்படுத்து... வேலை நடக்கிற வரிசையிலேயே எழுத்து. வேறு சில மொழிகளில் இருப்பதுதான். பழைய முறையும் அப்படியே இருக்கும். லீவு நாளில் உட்கார்ந்து செய்தும் முடித்துவிட்டாள் — ஓடியது!

மீட்டிங்கில் அவள் அதை விளக்கிக் காட்டியபோது சீஃப் ஸ்க்ரீனைப் பார்க்கவே இல்லை.

"இன்னாம்மா இது, ஊட்ல பேசற மாதிரி எழுதிக்கினு வந்துட்ட? புரோகிராம்னா கணக்கும்மா. கஷ்டமா கீதுன்னா வேற டீமுக்குப் போயேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், நீங்க எழுதின பழைய புரோகிராம் ஒண்ணைப் படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

படித்தார். "ரீடிங்கை எடுத்துக்கறோம்... தப்பை நீக்கறோம்... அப்பால வரிசைப்படுத்தறோம்..."

"சார்," என்றாள் ஷமீமா மெதுவாக. "எழுதினது உங்க முறை. படிச்சது என் முறை."

சிரிப்பு வெடித்தது. சீஃப் சிரிக்கவில்லை. "படிக்கறது வேற, எழுதறது வேற. மொழியில யாரும் கை வைக்கக் கூடாது." லேப்டாப்பை மூடிவிட்டார்.

சேர்க்க முடியாததற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்போம். யோசனை சொன்னவளையே போகச் சொல்வதா? கஷ்டப்படுகிறவர்களுக்குத்தானே தெரியும், கஷ்டம் எங்கே இருக்கிறதென்று?

ஷமீமா போகவில்லை. ஒவ்வொரு பிராக்கெட் மூட்டைக்கும் மேலே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு என்ற பெயரில், தன் அம்புக்குறி வரிசையை எழுதிவைக்கிறாள். டீமில் எல்லோரும் இப்போது அதை மட்டும்தான் படிக்கிறோம். சீஃபும்தான் — நேற்று அவர் விரல் அந்த வரியின் மேலேயே ஊர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அனுமதி? இன்னும் இல்லை!

ஒரு மொழி யாருக்குச் சொந்தம்? உருவாக்கியவருக்கா, தினமும் அதில் உழல்கிறவர்களுக்கா?

கம்ப்யூட்டருக்கு அந்த லீவு நாளிலேயே புரிந்துவிட்டது... கௌரவத்துக்குத்தான் இன்னும் புரியவில்லை.