வீட்டுக்கு ஒரு பேர்

குணசுந்தரியை எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் போலீஸ் அத்தை என்றுதான் கூப்பிடும். காக்கிச் சட்டை, தோளில் சிவப்புக் கயிறு, தலையில் தொப்பி. திருவொற்றியூரில் பஸ் ஏறினால் அந்தச் சட்டைக்காகவே கண்டக்டர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார். உண்மையில் அவள் வேலை பார்த்தது காசிமேட்டில், இறாலை உரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில். பெண்கள் கேட்டுக்கு அவள்தான் செக்யூரிட்டி. உரிக்க வருகிற பெண்கள் சாயங்காலம் வெளியே போகும்போது ஒவ்வொருத்தியையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். மடியிலோ சாப்பாட்டு டப்பாவிலோ இறால் போய்விடக் கூடாது. கேவலமான வேலைதான். ஆனால் அதையும் அடுத்தவள் மனசு நோகாமல் செய்ய அவளுக்குத் தெரிந்திருந்தது.

புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தபின் கிடைத்த வேலை அது. ஒன்பது வருஷம் அந்தக் கேட்டில் நின்று மகள் அம்முவை டிகிரி படிக்க வைத்தாள். அம்முவுக்கு இருந்தது ஒரே ஆசை, நிஜமான போலீஸ் ஆக வேண்டும். தினம் காலையில் கடற்கரை மணலில் ஓடுவாள். நாய்கள் துரத்தும், பையன்கள் கிண்டல் அடிப்பார்கள், நிற்க மாட்டாள். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். பாக்கி இருந்தது ஓட்டமும் தாண்டலும்தான். எங்கள் குப்பத்தில் இதுவரை ஒரு பெண்ணும் போலீஸ் ஆனதில்லை. போலீஸ் எங்களைத் தேடி வந்ததுதான் உண்டு.

அப்படி வந்தது இரண்டு வருஷம் முன்னால். எந்த ஆலை திறந்துவிட்ட தண்ணீரோ, முகத்துவாரத்து மீனெல்லாம் செத்து மிதந்தது. எந்த ஆலை என்று இன்றுவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். மறியல் என்றால் எங்கள் ஊரில் பெண்கள்தான் முன்வரிசை, அவர்கள் மேல் சட்டென்று கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. அந்த வரிசையின் நடுவில் அம்மு இருந்தாள். துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் எர்ணாவூர் தாண்டியும் வரிசை கட்டி நின்றன. குணசுந்தரி அன்றைக்கு டூட்டியில் இருந்தாள்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கேஸ் போட்டாக வேண்டும், பேர் கொடுங்கள், இல்லாவிட்டால் வீடியோவில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் வீடு புகுந்து தூக்குவோம் என்றார்கள். எங்களுக்கு இது புதிதில்லை. இதற்கு ஊரில் ஒரு முறை வைத்திருக்கிறோம். கோயில் வாசலில் கூட்டம் போட்டு வீட்டுக்கு ஒரு பேர் கொடுப்போம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிற பையன், அரசு வேலைக்குப் படிக்கிற பிள்ளை, கல்யாணம் பேசி வைத்த பெண், இவர்கள் பேர் போகக் கூடாது. கேஸ் வந்தாலும் எதுவும் கெட்டுப்போகாத ஆளின் பேர்தான் போகும். பேர் கொடுத்தவர்கள்தான் கோர்ட்டுக்கு நடப்பார்கள்.

குணசுந்தரி வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவள் எழுந்து, "எம் பேர எழுதிக்கோ மாமா" என்றாள்.

தலைவர் டில்லிபாபு தயங்கினார். "நீ அன்னிக்கு டூட்டில கீந்தியேம்மா?"

"அதனால இன்னா? எவன் கேக்கப் போறான்?"

"வேலைக்கு ஒண்ணும் பேஜாரு வராதே?"

"கேட்ல குச்சி புட்சிகினு நிக்கறவளுக்கு இன்னா வரப்போவுது?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எந்தெந்த வேலைக்குப் போலீஸ் விசாரணை உண்டு என்று எங்களுக்கு அத்துப்படி. கப்பல் வேலை, துறைமுக பாஸ், அரசு வேலை என்று வரிசையாகச் சொல்லுவோம். கேட்டில் நிற்கிற வேலையை அந்தக் கணக்கில் ஒருத்தரும் சேர்க்கவில்லை.

சட்டம் என்னவோ ரொம்ப வருஷமாக இருந்தது. ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், காவலுக்கு நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் போலீஸ் விசாரணை முடிந்திருக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், உடுப்பு போலீஸ் உடுப்பு மாதிரி இருக்கக் கூடாது. எல்லாம் ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு குடோனில் காவல்காரனே லாரி பிடித்துச் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதோடு சட்டத்துக்கு முழிப்பு வந்துவிட்டது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஏஜென்சி ஏஜென்சியாகச் சோதனை. காக்கி போய் நீலச் சட்டை வந்தது. எவனோ திருடினான், அதற்கு இங்கே நேர்மையாக நின்றவர்கள் வரிசையில் நின்று தங்கள் யோக்கியதையை நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

குணசுந்தரியின் விசாரணை முடிவு வந்தது. சாலை மறியல், வழக்கு நிலுவையில் உள்ளது. நிலுவை என்றால் எங்கள் பக்கம் சாகிறவரை என்று அர்த்தம். தண்டனையும் கிடையாது, விடுதலையும் கிடையாது.

ஏஜென்சி முதலாளி ஆசீர்வாதம் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கெட்ட மனுஷர் இல்லை. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வழி இருக்கிறது என்றார்.

"யம்மா, அந்தத் தேதியில நீ இங்கல்லா டூட்டி பாத்திருக்க? கம்பெனி கேமராவுலயே இருக்கும். நான் லெட்டர் தாரேன், வக்கீலையும் பாத்துத் தாரேன். நீ அங்க இல்லவே இல்லைன்னு சொல்லி உன் பேர எடுத்துரலாம்."

குணசுந்தரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் பேரை எடுத்தால் அந்த வீட்டிலிருந்து ரோட்டில் உட்கார்ந்தது யார் என்று கேள்வி வரும். வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். முன்வரிசையில் அம்மு கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருப்பாள். கேஸ் உள்ள பெண்ணைப் போலீஸில் எடுக்க மாட்டார்கள்.

"வாணாம் சார்," என்றாள்.

"ஏன்? நீ செய்யாத தப்புக்கு நீ ஏன் வேலைய விடணும்?"

"நான்தான் சார் செஞ்சேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "லைசென்ஸ் போயிரும்மா, எனக்கு வேற வழியில்ல" என்று மட்டும் சொன்னார். சட்டையையும் தொப்பியையும் துவைத்து மடித்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

மீன் விற்கப் பார்த்தாள். கேட் வேலைக்கு முன்னால் மார்க்கெட்டில் அவள் விற்ற இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அதே கம்பெனிக்கே இறால் உரிக்கப் போனாள். இறால் உரிப்பவளுக்குப் போலீஸ் விசாரணை எந்தச் சட்டத்திலும் இல்லை. கை இருந்தால் போதும். அந்தக் கைதான் இரண்டே மாதத்தில் வீணாய்ப் போனது. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் ஊறி, இறால் முள் குத்தி, விரலெல்லாம் வீங்கிச் சீழ் வைத்தது. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். அம்மு பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ ஓடறத மட்டும் பாரு" என்று ஒவ்வொரு நாளும் விரட்டி அனுப்பினாள் தாய்.

உடல்தகுதித் தேர்வு நாள் வந்தது. விடிந்ததும் அம்மன் குங்குமத்தை மகள் நெற்றியில் வைத்துவிட்டு, அவள் ஷூவோடு கிளம்பிப் போகிறதைப் பார்த்துவிட்டுத்தான் குணசுந்தரி வேலைக்குப் போனாள். பகல் பூராவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாவிடம் அதே பேச்சு. இந்நேரம் ஓடியிருப்பாள், இந்நேரம் தாண்டியிருப்பாள். வலிக்கிற விரலை மறந்து அன்றைக்குச் சிரித்துக்கொண்டே உரித்தாளாம். கெங்கம்மாதான் பிறகு எங்களிடம் சொல்லி அழுதாள்.

சாயங்காலம் வேலை முடிந்து கேட்டில் வரிசை நின்றது. முன்னால் நின்றவள் நகர்ந்ததும் குணசுந்தரி நிமிர்ந்தாள். புது நீலச் சட்டையில் அம்மு நின்றாள். நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் கலைந்திருந்தது.

"ஓடப் போவலியா?"

அம்மு தலையை ஆட்டினாள். "ஆசீர்வாதம் சார் போன மாசமே கேட்டாரும்மா. போலீஸ்ல விசாரிச்சாங்க. என் மேல ஒண்ணுமே இல்லன்னு வந்துட்ச்சு. இன்னிக்கு சேரலன்னா வேற ஆள போட்ருவேன்னுட்டாரு."

"அடிப்பாவி. உன் பேரு கெடக்கூடாதுன்னுதான்டி நான்..."

"உன் கைய நீ பாத்தியாம்மா? அது அழுவிப் போற வரைக்கும் நான் ஓடிகினு இருக்கணுமா?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. சூப்பர்வைசர் உள்ளேயிருந்து, "இன்னா அங்க, புது ஆளுக்கு சொல்லிக் குடுக்கணுமா?" என்று கத்தினான். அம்மு கையைத் தூக்கவில்லை. தாயைத் தடவிப் பார்க்க எந்த மகளுக்குக் கை வரும்?

குணசுந்தரிதான் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "பாரு," என்றாள். "மடியையும் பாரு. பாக்காம வுட்டா உன்னையும் வேலய வுட்டு தூக்கிடுவானுங்க."

அம்மு பார்த்தாள். இடுப்பு, மடி, டப்பா எல்லாம் பார்த்தாள். குணசுந்தரி கேட்டைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகளால் ஓடி வர முடியவில்லை. வரிசையில் இன்னும் நிறையப் பேர் நின்றார்கள்.