தீதி சொன்ன அபிமானம்

சணல் கயிறு கட்டிய ஒரு சந்தேஷ் இனிப்புப் பெட்டி, எங்கள் டாக்குரியா வீட்டு ஜன்னலில் பிரிக்கப்படாமலே இருந்தது. அதை நினைத்தால், பிள்ளைகளே, இன்றும் எனக்குத் தலை நிமிர்வதில்லை.

நான் கொல்கத்தாவுக்கு வந்த புதிது. ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவும் வேலை. வங்காளம் அரைகுறை. அங்கே ஆராய்ச்சி செய்த அம்மையாரைத் தீதி, அதாவது அக்கா, என்போம். வீட்டில் என் மனைவிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. அழுதால் பால் கொடுப்பாள், கிடத்துவாள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கொஞ்சவே மாட்டாள். ஒருநாள் பொறுமை போய், "எலிகூடக் குட்டியைக் கவ்வி அணைச்சுக்குது. நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டேன்.

அன்று மாலையே தீதி அந்தப் பெட்டியோடு குழந்தையைப் பார்க்க வந்தார். மனைவி திரும்பவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது தீதி தாழ்ந்த குரலில், "ஓர் கூப் அபிமான், தாதா" என்றார். அதாவது, 'அவளுக்கு ரொம்ப அபிமானம், அண்ணா.' என்மேல்தான் என்று எண்ணி, "ஆமா தீதி, ரொம்பவே!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் கூடத்தில் ஒரு பெண் எலி, அருகில் விட்ட குட்டிகளைச் சீந்தவே இல்லை. கூண்டைத் தட்டி அதே வசவைச் சொன்னேன். என்ன திட்டினீர்கள் என்று தீதி கேட்டார். சொன்னேன்.

"பாவம், அதை ஏன் திட்டுறீங்க? அது குட்டி போட்டதே இல்லை; தாய்ப்பாசத்தைத் தூண்டுற ஆக்ஸிடோசின் மட்டும்தானே கொடுத்தேன். அது பெப்டைடு ஹார்மோன், வெளியே நின்னு மூளை செல்லைத் தட்டும். ஆனா முதல்ல ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள்ளே போய், 'கதவு வை'ன்னு சொல்லணும். கதவே இல்லாத சுவரை எவ்வளவு தட்டினாலும் யாருக்குக் கேக்கும்?"

என் பக்கம் திரும்பி, "வீட்லயும் இதையேதான் சொன்னீங்களா?" என்றார். பிறகுதான் அந்தச் சொல்லை விளக்கினார். வங்காளத்தில் அபிமான் என்றால் பிரியம் அல்ல; பிரியமானவர் சுட்ட சொல்லால் மனம் நொந்து முகம் திருப்பிக்கொள்வது. "மனுஷங்க எலி இல்லை, தாதா. ஆனா எலிகிட்டயே நாங்க காரணம் தேடிட்டுத்தான் பேசறோம்."

வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "எனக்கே வெக்கமா இருக்குங்க. புள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல. நீங்க கேட்டது சரிதானோன்னு ராப்பகலா யோசிக்கிறேன்."

"கதவு... கதவு இன்னும் வைக்கல, அதான்" என்று உளறினேன்.

"எந்தக் கதவு?" என்று அவள் முதல்முறையாகத் திரும்பினாள்.

அவளுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். துணி துவைத்தேன், குழந்தையைத் தூக்கித் திரிந்தேன். எறும்பு மொய்த்த அந்தச் சந்தேஷை நானே கொண்டுபோய்க் கொட்டினேன். வாரங்கள் கழித்து ஒரு காலையில், அவள் குழந்தையின் காலை முகர்ந்து தனக்குத்தானே சிரிப்பதைக் கண்டேன்.

மகள் இப்போது அம்மாவைவிட உயரம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சந்தேஷ் வாங்கி வருகிறேன். கயிற்றில் கை வைத்து, "என்னங்க, கதவு வச்சாச்சா? தொறக்கலாமா?" என்று மனைவி கேட்பாள். மகளும் சேர்ந்து சிரிப்பாள். மனைவிக்கு அது வேடிக்கையாகிவிட்டது. எனக்கு இன்னும் ஆகவில்லை.