மூன்று ஊர் சாண்ட்விச்

போன வருஷம் ஐப்பசி மாதம். பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வயலில் தண்ணீர் வடியவில்லையே என்று என் வீட்டுக்காரருக்குக் கவலை. மருமகள் வயிற்றில் எந்தச் சாப்பாடும் தங்கவில்லையே என்று எனக்குக் கவலை.

மருமகள் பூனாக்காரி. மகன் அங்கே வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டான். இப்போது ஒரகடத்தில் வேலை கிடைத்து, இருவரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். தங்கமான பெண். தமிழ் மட்டும் இன்னும் தத்தக்கா பித்தக்கா. முதலில் உண்டான கரு நிற்கவில்லை. இது இரண்டாவது.

மசக்கை யாருக்குத்தான் இல்லை? நானும் இரண்டு பெற்றவள். ஆனால் இந்தப் பெண் பட்ட பாட்டை நான் பார்த்ததில்லை. தாளிக்கும் வாசனைக்கே குமட்டல் வந்ததால் சமையல்கட்டுப் பக்கமே அவள் வருவதில்லை. கஞ்சி, இட்லி, ரசம் சாதம் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. எடை குறைகிறது, இப்படியே போனால் அட்மிட் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்தார். பூனாவில் இருந்த அவளுடைய அம்மா போனில் அழுதுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்றார். டாக்டரம்மாவோ, இந்த உடம்போடு அவ்வளவு தூரம் ரயிலில் போகவே கூடாது என்றார். பெற்றவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பது? மாமியார்க்காரி சோறு போடவில்லை என்று ஊர் பேசும் என்ற பயமும் எனக்கு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் நான் வேண்டிக்கொண்டது ஒன்றைத்தான். இந்தக் கருவாவது நிற்க வேண்டும்.

"உனுக்கு இன்னாதாம்மா துன்ன வோணும்? வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "சாண்ட்விச், அத்தை" என்றாள்.

அதுவரை நான் சாண்ட்விச் தின்றதில்லை. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்ததோடு சரி. பூனாவில் அது எப்படி இருக்கும் என்று மகனிடம் கேட்டேன்.

"அது வேற மாதிரி இருக்கும்மா."

"வேற மாதிரின்னா?"

"வேற மாதிரிதாம்மா."

எதைத் தின்றோம் என்று யோசிக்கிற ரகம் இல்லை அவன். வயிறு நிறைந்தால் சரி. இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே உத்திரமேரூருக்கு பஸ் ஏறி, பேக்கரியில் ஒன்று கட்டி வாங்கி வந்தேன். ஒரு வாய் தின்றாள், "நல்லாருக்கு அத்தை" என்றாள், அடுத்த நிமிஷம் பின்பக்கம் ஓடினாள். மிச்சத்தை நான் தின்று பார்த்தேன். முட்டைக்கோஸ் பொரியலை ரொட்டிக்கு நடுவில் வைத்த மாதிரி இருந்தது. உத்திரமேரூரில் வேறென்ன கிடைக்கும், நெல்லு கிடைக்கும் என்று சலித்துக்கொண்டேன்.

மறுநாள் மகன் காஞ்சிபுரத்தில் பெரிய கடையில் வாங்கி வந்தான். அட்டைப் பெட்டியெல்லாம் பிரமாதம். உள்ளே சீஸாம், ரப்பர் மாதிரி இழுத்தது. அதுவும் தங்கவில்லை. டிராக்டருக்குச் சாமான் வாங்கச் செங்கல்பட்டு போன வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒன்று வாங்கி வந்தார். அதில் வெள்ளையாக ஏதோ தடவியிருந்தது, லேசாகத் தித்தித்தது. அதற்கும் அதே கதிதான். மூன்றையும் நான் தின்று பார்த்தேன் இல்லையா? அதனால் ஒரு தெம்பு வந்துவிட்டது. சாண்ட்விச் என்றால் பூனாதான், நம் பக்கத்தில் ஒருவனுக்கும் அது செய்ய வரவில்லை என்று பக்கத்து வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவளுக்கு உத்திரமேரூரில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பஸ் வரும்வரை அதே பேக்கரியில் உட்கார வைத்தேன். விடிந்தால் அவளுடைய அம்மா வந்துவிடுவார். கடைசியாக இன்னொரு தடவை பார்ப்போமே என்று ஒரு சாண்ட்விச் சொன்னேன். கடைக்காரர் கல்லில் வெண்ணெயைப் போட்டார். அது உருகி வாசனை கிளம்பியதுதான் தாமதம், மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள் உட்காரவில்லை. நேராகக் கடைக்காரர் முன்னால் போய் நின்று, அடுக்கி வைத்திருந்த ரொட்டிப் பாக்கெட்டைக் காட்டினாள்.

"இது... சூடு வேணாம். அப்படியே."

"இன்னாம்மா, பச்ச ரொட்டியா?" என்று நான் எழுந்தே விட்டேன். எங்கள் பக்கத்தில் வாட்டாத ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் பாலில் தொட்டுத் தின்பது. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போவது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அதைப் போய்க் கேட்கிறாளே என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைக்காரருக்கும் ஒப்பவில்லை. "கல்லுல காட்டாம எப்படிக்கா குடுக்கறது? பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஜொரக்காரனுக்குக் குடுக்கற ரொட்டிய காசுக்கு விக்கறான்னு சொல்லமாட்டான்?"

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். அதுவரை எங்கள் வீட்டில் குரல் உயர்த்திப் பேசாத பெண், வழியை மறித்திருந்த பலகையைத் தூக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே போய்விட்டாள். ரொட்டியில் புதினா சட்னியைத் தடவினாள். வெள்ளரிக்காய், தக்காளி, பப்ஸுக்காக வேகவைத்திருந்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மெல்லிசாக நறுக்கி அடுக்கினாள். உப்பும் மிளகுத்தூளும் தூவி, மேலே இன்னொரு ரொட்டியை வைத்து உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினாள். நின்றபடியே தின்ன ஆரம்பித்தாள். கடைக்காரர் கரண்டியும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. எப்போது ஓடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸும் போய்விட்டது. அவள் ஓடவில்லை. சட்னி ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு, அத்தை" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கடையில், அத்தனை பேர் முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"பூனாவுல சூடு பண்ணவே மாட்டாங்களா?" என்று பிறகு கேட்டேன். அங்கே இரண்டு விதமும் உண்டாம், அவளுக்குப் பிடித்தது இதுதானாம். கையும் வாயுமாக விளக்கினாள்.

"அப்போ காஞ்சிபுரத்துது, செங்கல்பட்டுது, அதெல்லாம் இன்னாம்மா கொற?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "எல்லாம் ஒரே வாசம், அத்தை. நெய் வாசம்."

எனக்குச் சுருக்கென்றது. பார்சல் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சில்லென்று ஆறிப்போயிருக்கும். ஆறினதை வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு எப்படிக் கொடுப்பது என்று, ஒவ்வொன்றையும் நான்தான் தோசைக் கல்லில் போட்டு, தாராளமாக நெய் விட்டு, இரண்டு பக்கமும் முறுகலாகத் திருப்பி எடுத்துக் கொடுத்தேன். சமையல்கட்டுக்கு வராதவளுக்கு அது எப்படித் தெரியும்? இந்த ஊர்ச் சாண்ட்விச்சே இப்படித்தான் என்று அவள் நினைத்தாள். இந்த ஊர்க் கடைக்காரனுக்குச் செய்யத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். எந்த ஊர்ச் சாண்ட்விச்சையும் நாங்கள் இருவருமே தின்று பார்க்கவில்லை. மூன்று தடவையும் தின்றது என் தோசைக் கல்லைத்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைக்காரரும் தனக்கென்று ஒன்று செய்து தின்று பார்த்து, "உப்பு கம்மி. மத்தபடி பரவால்ல" என்றார்.

மறுநாள் அவளுடைய அம்மா பெட்டியோடு வந்தார். மகளுக்கு ஒரு ரொட்டியாவது தங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார். அழைத்துப் போகும் பேச்சை விட்டுவிட்டு, தீபாவளி வரை எங்களோடு தங்கினார். வாட்டாத ரொட்டியில் ஆரம்பித்து, ஆறின இட்லி, தயிர் சாதம் என்று ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது அவள் வயிறு. சித்திரை முடிவதற்குள் பேத்தி பிறந்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். உத்திரமேரூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மூன்று ஊருக்கும் போனபோது கடையிலேயே உட்கார்ந்து, கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு சாண்ட்விச் தின்று பார்த்தேன். காஞ்சிபுரத்து சீஸ் ரப்பராக இல்லை, நன்றாகவே இருந்தது. ஆனாலும் கேட்டால் உத்திரமேரூருக்குத்தான் என் ஓட்டு. அந்த மொறுமொறுப்பு மற்ற இரண்டிலும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் என் பழைய தீர்ப்பையும் மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் அவ்வளவு நெய் விட்டேன். ஆனாலும் பாசம் இருந்தால் போதாது, அதைச் சூடாகக் கொடுப்பதா ஆற வைத்துக் கொடுப்பதா என்பதையும் வாங்கிக்கொள்கிறவர்களிடம் கேட்க வேண்டும் என்று, இன்றைக்கும் தோசைக் கல்லை அடுப்பில் வைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.