விறகு மெஷினுக்கு இரண்டு கை

எங்கள் பாகூர் பக்கத்தில் விறகு பிளக்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டு அடுப்புக்கும் நான்தான், சுடுகாட்டுக்கும் நான்தான். எழுத்து ஒன்றும் ஏறாத மண்டை. கோடாலி என்னிடம் சர்ட்டிபிகேட் கேட்காததால் பிழைத்தேன்.

போன வருஷம் வாதம் அடித்து இடது கை விழுந்துவிட்டது. விழுந்தது என்றால் கீழே இல்லை. வேலைக்குப் போகாத மச்சான் மாதிரி என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் கையால் கோடாலியை வீசிப் பார்த்தேன். புளியங்கட்டை தப்பித்தது, என் முழங்கால் தப்பவில்லை. அன்றைக்கே என் மனைவி கோடாலியை எங்கோ ஒளித்துவிட்டாள். ஊரில் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் கரண்டில் ஓடும் விறகு மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கட்டையைப் படுக்கவைத்தால் அதுவே தள்ளிக்கொண்டுபோய் ஆப்பில் குத்திப் பிளந்துவிடுமாம். அது இருந்தால் மறுபடி நான் வேலைக்காரன். மனைவியோடு வில்லியனூரில் அதை விற்கும் கடைக்குப் போனேன்.

"ஒரு கை சுவிட்ச்ச அமுக்கணும், இன்னொரு கை இந்த லீவர. ரெண்டும் ஒண்ணா அமுக்குனாத்தான் கட்டையத் தள்ளும்ணா," என்றார் கடைக்காரர். கை கட்டைப் பக்கம் போகாமலிருக்க அப்படி ஏற்பாடாம்.

வலது கையால் சுவிட்சை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. இடது கை வரவில்லை. வலது கையாலேயே அதைத் தூக்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் லீவர்மேல் வைத்தேன். சுவிட்சை விட்டதால் மோட்டார் நின்றது. மறுபடி அமுக்கினேன், இடது கை வழுக்கி விழுந்தது. வயிற்றால் லீவரைத் தள்ளினேன். இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த தொப்பை, அதுவும் உதவவில்லை.

சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"கட்டலாம்ணா. அப்புறம் நல்லா இருக்கிற கையும் போவும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"செத்த நவுரு," என்றாள் மனைவி. இரண்டு கையாலும் அமுக்கினாள். கடைக்காரர் படுக்கவைத்திருந்த கட்டை சடசடவென்று இரண்டானது. இன்னொன்றை வைத்தாள். அதுவும்.

"வாங்கிக்கலாம்."

"எதுக்குடி? என்னால ஓட்ட முடியாதே."

"உன்ன யாருய்யா ஓட்டச் சொன்னது? நான் ஓட்டுறேன். நீ கட்டைய எடுத்துக் குடுத்துட்டு தள்ளி நில்லு."

அதுவரை என் முகம் பார்த்துப் பேசிய கடைக்காரர் அவள் பக்கம் திரும்பி, எண்ணெய் ஊற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லிவிட்டு வீட்டில் போய் எதைப் பிளப்பது?

கீழே கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக அடுக்கினேன். ஒன்று நழுவி விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.